முகம் வலித்தால் முதலில் மூக்கைக் கவனியுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, ஒவ்வாமையால் வரும் முகவலி. அலர்ஜி என்றால் தும்மல், மூக்கு ஒழுகுதல், உடம்பில் அரிப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். அது முகத்தையே பாரமாக்கி வலிக்க வைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கன்னம் கனக்கிறது, புருவத்துக்கு மேல் குத்துகிறது, குனிந்தால் முகம் கீழே விழுவது போல் இருக்கிறது என்பார்கள். உடனே கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார்கள். மாலையில் வலி குறையும். மறுநாள் காலையில் திரும்ப வந்துவிடும். இப்படியே மாதக் கணக்கில் ஓடும்.

பொதுவாகப் பேசாமல் ஓர் இடத்தை எடுத்துக் கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். கேமரன் மலையில் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி, சுல்தான் அபு பாக்கார் அணைக்குக் கீழே, பெர்த்தாம் ஆற்றை ஒட்டி இருப்பது லெம்பா பெர்த்தாம். ரிங்லெட், ஹாபு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள். 1929-இல் தொடங்கிய போ தோட்டமும், 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டமும் இந்த மலையின் பழைய தோட்டங்கள். நம் தமிழ் மக்களின் உழைப்பில் வளர்ந்தவை. பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களும் பூத்தோட்டங்களும் பிளாஸ்டிக் கொட்டகைகளாக வரிசை கட்டி நிற்கின்றன. குளிர், மழை, பனிமூட்டம், தேயிலைத் தூசு, பூ மகரந்தம், உரம், மருந்து நெடி ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் சேரும் ஊர் அது. மூக்குக்குச் சோதனை தரும் ஊர் என்றே சொல்லலாம்.

அங்கே நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு முகவலி வந்தால் என்ன ஆகும்? எம்.சி. எடுத்தால் சிலருக்குச் சம்பளம் போகும். எடுக்காவிட்டால் குனிந்து செய்யும் வேலை முடியாது. ஆகவே மாத்திரை. மாத்திரை கேட்காவிட்டால் யாரோ சொன்ன ஜாமு. அதுவும் கேட்காவிட்டால், "பல்தான் காரணம்" என்று நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு. வலிக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வலியை மட்டும் துரத்துவதால் வரும் வினை இது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன முறை நமக்குத் தெரியும். முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். பிறகு அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தணிக்கும் வழி. அந்த வரிசையிலேயே நாமும் போவோம்.

முகத்துக்குள் என்ன இருக்கிறது?

நம் முக எலும்புகள் கெட்டியான கல் மாதிரி இல்லை. உள்ளே காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்று சிலர் கவலையோடு சொல்வார்கள். சைனஸ் எல்லாருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயர் அல்ல, உறுப்பின் பெயர். கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே சிறுசிறு அறைகளாக ஒரு ஜோடி, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒரு ஜோடி, ஆக நான்கு ஜோடிகள்.

ஒவ்வோர் அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் சிறிய வாசல் உண்டு. அறையின் உட்சுவரில் ஊறும் சளி அந்த வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். காற்றும் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். வாசலோ சில மில்லிமீட்டர் அளவுதான். அது திறந்திருக்கும் வரை நமக்குச் சைனஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஒவ்வாமை உள்ளவரின் மூக்கில் தூசு நுழைந்தால், உடம்பு அதை எதிரி என்று தவறாக எடுத்துக் கொள்கிறது. மூக்கின் உள்தோலில் இருக்கும் சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டுகின்றன. உடனே தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல். சிறிது நேரத்தில் உள்தோல் வீங்குகிறது. அந்த வீக்கத்தில் சைனஸ் வாசல் அடைபடுகிறது. உள்ளே மாட்டிக் கொண்ட காற்றை இரத்தம் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடுகிறது. அறைக்குள் அழுத்தம் குறைந்து சுவரை உள்ளே இழுக்கிறது. சளியும் தேங்குகிறது. இந்த இழுப்பையும் வீக்கத்தையும் முகத்து நரம்பு மூளைக்குச் சொல்கிறது. அதுதான் வலி.

அந்த முகத்து நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடை மூன்றுக்கும் போகிறது. மேல் பற்களுக்குப் போவதும் அதே நரம்பின் கிளைதான். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னச் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே கன்னச் சைனஸ் அடைத்தால் மேல் பற்கள் நான்கைந்து சேர்ந்தாற்போல் கூசும், வலிக்கும். ஒரே ஒரு பல் மட்டும், தட்டினால் துள்ள வைக்கும் அளவுக்கு வலித்தால் அது பெரும்பாலும் பல்லின் கோளாறு. பல்லைப் பிடுங்கச் சொல்லும் முன் இந்த வித்தியாசத்தைப் பல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

வசந்த காலம் இல்லாத நாட்டில் பருவ ஒவ்வாமையா?

இங்கிலாந்து மருத்துவர் ஜான் போஸ்டாக், கோடை வந்தால் தமக்கு ஏற்படும் கண் எரிச்சலையும் மூக்கடைப்பையும் 1819-இல் எழுதி வைத்தார். பிறகுதான் அது புல் மகரந்தத்தால் வருவது என்று தெரிய வந்தது. ஜப்பானில் இன்று தேவதாரு வகை மரத்தின் மகரந்தம் பிப்ரவரி தொடங்கிச் சில மாதங்களுக்கு மக்களைத் தும்ம வைக்கிறது. போருக்குப் பிறகு அந்த மரத்தை மலை மலையாக நட்டதன் விளைவு அது.

நமக்கு அப்படிப்பட்ட வசந்த காலம் இல்லை. ஆனால் பருவம் இல்லை என்று சொல்ல முடியாது. நமக்கு மழைதான் பருவம். கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் மழை கூடுதல். அப்போது என்ன நடக்கிறது?

முதலாவது, பூஞ்சணம். ஈரச் சுவரிலும் துணி அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணம் படரும். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் மிதந்து மூக்கில் ஏறும். 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்ததையும் உயிர்கள் போனதையும் நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் நனைந்த மெத்தையும் பலகையும் வீட்டிலேயே இருந்தால், இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெள்ளம் கண்ட எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, தூசுப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிர் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. மலேசியாவில் ஒவ்வாமைக்கு முதற்காரணமாக மருத்துவர்கள் காண்பது இதைத்தான். ஈரக்காற்று அதற்கு அமுதம். குளிருக்காகத் தடித்த போர்வையை மடித்து வைத்துப் பல வருடம் பயன்படுத்தும் மலை வீடுகளில் அது சுகமாகப் பெருகுகிறது. காலையில் கண் விழித்ததும் பத்துத் தும்மல், முகத்தில் பாரம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தலையணையை.

மூன்றாவது, வேலை இடம். செவ்வந்திப் பூவின் மகரந்தம் கனமானது, காற்றில் வெகுதூரம் பறக்காது. ஆனால் மூடிய கொட்டகைக்குள் நாள் முழுக்கப் பூவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து வேலை செய்பவருக்கு அது நேரே மூக்கில் போகிறது. நெதர்லாந்தில் கண்ணாடிக் குடில்களில் செவ்வந்தி வளர்ப்பவர்களைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பூவே ஒவ்வாமை தருவதைக் கண்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில், இலையை உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பஞ்சு போன்ற நுண் தூசு பறக்கும். இலங்கையில் சி. ஜி. உரகொட என்னும் மருத்துவர், தேயிலைத் தொழிற்சாலை வேலையால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970-இலேயே மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார். நெஞ்சுக்குப் போகும் தூசு மூக்கு வழியாகத்தானே போக வேண்டும்?

இவை போக, புகை. காய்ந்த கோழி எருவின் தூசு, பூச்சி மருந்தின் நெடி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட் எல்லாம் இதில் அடக்கம். வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம்மை மூச்சுத் திணற வைத்த புகைமூட்டமும் இந்தக் கணக்கில்தான் வரும். இவை பெரும்பாலும் ஒவ்வாமைப் பொருள்கள் அல்ல, எரிச்சல் தருபவை. ஆனால் ஏற்கெனவே வீங்கிய மூக்கை மேலும் வீங்க வைக்கும்.

மலைப் பாதையில் வரும் வலி

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது காது அடைப்பது நமக்குப் பழக்கம். சிலருக்கு முகமும் வலிக்கும். தாப்பாவில் இருக்கும் காற்றழுத்தத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு ரிங்லெட்டில் குறைந்துவிடுகிறது. சைனஸ் வாசல் திறந்திருந்தால் உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாகிவிடும். அடைத்திருந்தால் சமமாக முடியாது. பெரும்பாலும் மலை இறங்கும்போதுதான் வலி கூடும், ஏனென்றால் வெளி அழுத்தம் ஏற ஏற, மூடிய அறைக்குள் காற்று சுருங்கி இழுக்கிறது. காய்கறி லாரி ஓட்டுபவர்கள், ஈப்போவுக்கு அடிக்கடி போய்வருபவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். கடும் மூக்கடைப்பு இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் புறப்படும் முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள். இடையிடையே நிறுத்தி மெதுவாக இறங்குங்கள்.

எல்லா முகவலியும் சைனஸ் அல்ல

நேயர்களே, இன்றைய உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வைத்துக் கொள்ளுங்கள். சைனஸ் தலைவலி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சைனஸ் தலைவலியே அல்ல. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய அல்லது மருத்துவரால் அப்படிச் சொல்லப்பட்ட 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வகை. மைக்ரேன் வரும்போது மூக்கும் அடைக்கலாம், கண்ணில் நீரும் வரலாம். வானிலை மாறும்போதும் வரலாம். அதனால்தான் குழப்பம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒவ்வாமையால் வரும் வலி மந்தமான பாரம். கூடவே தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, நீர் போன்ற சளி, வாசனை தெரியாமை இருக்கும். மூக்கு திறந்தால் வலி இறங்கும். மைக்ரேன் வலி துடிக்கும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, இருட்டறையில் படுக்கத் தோன்றும். சில மணி நேரமோ மூன்று நாள் வரையிலோ இருந்துவிட்டு முழுவதும் போய்விடும். வலிக்கும் நாளில் இந்த அடையாளங்கள் இருந்தால், மூக்கு மருந்து எத்தனை போட்டாலும் பலன் இராது. மைக்ரேனுக்குத் தனி மருந்து உண்டு.

முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் சில வினாடி மட்டும் சுரீர் என்று வலித்து, பல் துலக்கினாலோ குளிர்காற்று பட்டாலோ திரும்ப வந்தால் அது நரம்பு வலி. ஒரு பக்க நெற்றியில் எரிச்சலோடு வலித்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வை போய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது.

கிருமித் தொற்றும் உண்டு. சளி பிடித்து 10 நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலோடும் முகவலியோடும் மோசமாகிறது என்றால் அப்போது பாக்டீரியா தொற்று என்று சந்தேகிக்கலாம். சளி மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஒவ்வாமைக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. போன வருடம் மிச்சம் வைத்த மாத்திரையை இந்த வருடம் போடுவது இன்னும் தவறு.

வீட்டில் செய்யக் கூடியவை

ஒவ்வாமைதான் என்று தெரிந்தால், செலவில்லாத முதல் மருந்து உப்பு நீர். ஒரு குவளை, அதாவது சுமார் 250 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டிக்கு மிகாமல் உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, தொட்டியின் மேல் குனிந்து ஒரு நாசியில் விட்டு மற்ற நாசியில் வெளியேற விடுங்கள். வாயால் மூச்சு விடுங்கள். தூசையும் சளியையும் அது கழுவிவிடும். வேலை முடிந்து வந்ததும் செய்வது நல்லது. மருந்துக் கடையில் விற்கும் தயார் பொட்டலமும் புட்டியும் வாங்கினால் இன்னும் எளிது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குழாய் நீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. குறிப்பாக மலை ஓடையிலிருந்து நேரே குழாய் போட்டு எடுக்கும் நீரை விடவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கொதிக்க வைக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா என்னும் நுண்ணுயிரால் இறந்தார்கள். அரிதிலும் அரிதுதான், ஆனால் தவிர்ப்பது சுலபம். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆற வைத்த நீரையே பயன்படுத்துங்கள். புட்டியையும் கழுவிக் காய வையுங்கள்.

நம் வீடுகளில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது வழக்கம். ஆவி சற்று நேரம் இதம் தரும், தவறில்லை. ஆனால் வீக்கத்தை அது போக்காது. குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் உட்கார வைக்காதீர்கள், நீர் கொட்டிப் புண்ணாகும் விபத்துகள் அதிகம். தைலம் தேய்த்தால் மூக்கு திறந்தது போல் ஒரு குளிர்ச்சி தெரியும். அது உணர்வுதான், அடைப்பு அப்படியே இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலத்தைத் தடவவே கூடாது.

படுக்கையைக் கவனியுங்கள். தலையணை உறை, போர்வை, விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒரு முறை துவையுங்கள். 55 பாகைக்கு மேல் சூடான நீரில்தான் தூசுப் பூச்சி சாகும். மலையில் வெயிலே இல்லாத வாரத்தில் போர்வை காயாது. காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடையில் சூடான உலர்த்தியில் போட்டு எடுத்தால் பூச்சியும் சாகும், ஈரமும் போகும். ஈரத் துணியைப் படுக்கை அறையில் கொடி கட்டிக் காய வைக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டாமல், முகக் கவசம் போட்டுக் கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

வேலை உடுப்போடு படுக்கையில் சாயாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, குளித்து, உடுப்பு மாற்றுங்கள். பூக் கொட்டகையிலும் தேயிலை சலிக்கும் இடத்திலும் முகத்தோடு பொருந்தும் என்95 வகைக் கவசம் உதவும். துண்டை மூக்கில் கட்டிக் கொள்வது நுண் தூசைத் தடுக்காது. பூச்சி மருந்தின் ஆவியை என்95 கவசமும் தடுக்காது, அதற்கென்று வடிகட்டி உள்ள கவசம் வேறு. இதையெல்லாம் தொழிலாளி தன் சொந்தக் காசில் வாங்க வேண்டியதில்லை. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் அதில் சேர்த்திருக்கிறது. சிறிய தோட்டம் என்பது இனி சாக்காகாது.

மருந்து: எது, எப்படி?

ஒவ்வாமை மூக்கடைப்புக்கு இன்று நம்மிடம் இருக்கும் சிறந்த மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பான். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். தெளிப்பானில் இருப்பது மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் மூக்கிலேயே வேலை செய்வது. ஆனால் அது உடனே கேட்காது. தினமும் தவறாமல் அடித்தால் சில நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முழுப் பலன் தெரியும். இரண்டு நாள் அடித்துவிட்டு "சரியில்லை" என்று எறிந்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலக் கையால் இட நாசியிலும் இடக் கையால் வல நாசியிலும், முனையை அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திருப்பி அடியுங்கள். மூக்கின் நடுச் சுவரில் அடித்தால் இரத்தம் வரும். மழைக்காலம்தான் உங்களுக்குத் தொல்லை என்றால், மருத்துவரிடம் கேட்டு மழைக்கு முன்பே தொடங்கலாம்.

தும்மலுக்கும் அரிப்புக்கும் ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரை நல்லது. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டுக் கொண்டு வளைவுப் பாதையில் வண்டி ஓட்டுவதும் இயந்திரத்தின் அருகே நிற்பதும் ஆபத்து. லொராட்டடின், செட்டிரிசின் போன்ற புதிய வகை தூக்கம் குறைவு. செட்டிரிசின் சிலரைத் தூங்க வைக்கும், ஆகவே முதல் முறை இரவில் போட்டுப் பாருங்கள்.

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். ஐந்து நாளுக்கு மேல் அதைப் போடாதீர்கள். மேலே போனால் மருந்தே மூக்கை வீங்க வைக்கும், அது இல்லாமல் மூச்சு விட முடியாத நிலை வரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அடைப்பு நீக்கும் மாத்திரையையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆஸ்துமா உள்ளவர்கள் ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளில் கவனமாக இருக்க வேண்டும், சிலருக்கு அது மூச்சுத் திணறலைக் கிளப்பும். இன்னொன்று: மாதத்தில் பாதி நாள், அதாவது 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலிக்கிறது என்று மாத்திரை, மாத்திரையால் வலி என்று ஒரு சுற்றில் மாட்டிக் கொள்வோம்.

ஜாமு பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய மருந்து எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "எல்லா வலிக்கும் உடனே கேட்கும்" என்று விற்கப்படும் பதிவில்லாத சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தெளிப்பானில் இருக்கும் சிறு துளிக்குப் பயந்தவர்கள், இதை அறியாமல் கரண்டி கரண்டியாக விழுங்குகிறார்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நீண்ட நாள் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் புட்டியோடு மருத்துவரிடம் போங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது, நெற்றி வீங்குவது, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, பேச்சு குழறுவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேமரன் மலை மக்களுக்குத் தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது.

அவசரம் இல்லாவிட்டாலும், நான்கு வாரம் சரியாக மருந்து அடித்தும் குறையவில்லை, எப்போதும் ஒரே பக்க மூக்கு மட்டும் அடைக்கிறது, சளியில் இரத்தம் வருகிறது என்றால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கிக் கொண்டு நிபுணரிடம் போகலாம். போகும்போது ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொண்டு போங்கள்: வலி எந்த மாதம், எந்த நேரம், எந்த வேலை செய்யும்போது வருகிறது, விடுமுறை நாளில் குறைகிறதா, என்னென்ன மருந்து போட்டீர்கள் என்று. எக்ஸ்ரேயை விட அந்தத் தாள் மருத்துவருக்குப் பல நேரம் அதிகம் சொல்லும்.

பெற்றோர்களே, பிள்ளைகளையும் பாருங்கள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக் கொண்டே இருக்கும் பிள்ளை, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பிள்ளை, வாயைத் திறந்து தூங்கும் பிள்ளை, வகுப்பில் கவனம் இல்லாமல் இருப்பது சோம்பலால் அல்ல. இரவில் மூச்சு விட முடியாமல் தூக்கம் கெட்டிருக்கலாம். "சளிதானே" என்று விட்டுவிடாதீர்கள். மூக்கு சரியானால் பல பிள்ளைகளுக்குப் படிப்பும் சரியாகும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முகவலி வெளியே தெரியாத வலி. கட்டுப் போட முடியாது, காட்ட முடியாது. வீட்டில் ஒருவர் "முகம் வலிக்கிறது" என்றால் நம்புங்கள். உடனே மாத்திரையை நீட்டாமல், தும்மல் வருகிறதா, மூக்கு அடைக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பல் வலிக்கிறதா என்று இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதிலைப் பொறுத்து மூக்கைக் கவனிப்பதா, மைக்ரேனுக்கு மருந்து கேட்பதா, பல் மருத்துவரைப் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம்.